ரேவதியின் வேலையை அமெரிக்கா திரும்பக் கேட்டது

அப்போது பெங்களூர் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது; அங்கிருந்து என் தம்பி வீடு கூப்பிடு தூரம். அதனால்தான் போய்ச் சேர அவ்வளவு நேரமானது. வெளியே வரிசையாக நின்ற ஆட்டோக்காரர்களில் ஒருவர்கூடத் தொம்மலூருக்கு வரச் சம்மதிக்கவில்லை. தூரமாகப் போகிற பயணிக்காகக் காலையிலிருந்து காத்துக் கிடக்கிறார்களாம்.

"தொம்மலூரா? இங்கேர்ந்து எட்டிப் பார்த்தா தெரியும்மா. நடந்தே போயிடுங்க" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குப் பேரம் பேச வராது. பினாங்கு மார்க்கெட்டில் மீன் வாங்கினாலும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருகிறவள் நான். பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணோரமாக நின்றேன். தம்பி மாணிக்கம் வேறொரு வாசலில் எனக்காகக் காத்து நின்று, ஒருவழியாக என்னைக் கண்டுபிடித்தான். ஆட்டோக்காரர்களைப் பார்த்துக் கன்னடத்தில் அவன் போட்ட சத்தத்தில் ஒருவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மாணிக்கம் என் சித்தப்பா மகன். குடியாத்தம் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் பிழைக்கக் கிளம்பினார்கள். அண்ணன் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். அவர் மகள் நான். தம்பி ரயிலேறி பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குப் போனார். அவர் மகன் இவன். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, யூனியனில் கொடி பிடித்து, ஓய்வு பெற்றுவிட்டான். மனைவி இல்லை. ஒரே மகள் ரேவதி.

நான் போனது கண்ணுக்காக. ஃபாக்டரி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தே பாதி ஆயுளை ஓட்டியவள். இப்போது இடது கண்ணில் புரை. பினாங்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் என் முறை வர அடுத்த வருஷம் ஆகும் என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரி நமக்குக் கட்டுப்படியாகாது. "இங்க வாங்க அத்தை, அடுத்த வாரமே பண்ணிடலாம்" என்று ரேவதி போனில் சொன்னாள். என் கண்ணுக்கு நானே வெளிநாட்டு ஆளை வைத்துக்கொண்டேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

வீட்டுச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சந்தின் முனையில் ஓர் எருமை. அதற்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு கண்ணாடிக் கட்டடம். காலையில் எருமை அந்தக் கட்டடத்தின் நிழலில் நிற்கிறது. ரேவதி வேலை முடிந்து அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்துதான் வருகிறாள்.

அவள் வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில், வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொஞ்ச காலம் உதவிப் பணம் கொடுக்கிறது. பணம் ஏன் வரவில்லை, எந்தப் பாரத்தை அனுப்ப வேண்டும் என்று அவர்கள் போன் பண்ணிக் கேட்பார்கள். அந்தப் போன் தொம்மலூரில் அடிக்கும். ரேவதி எடுத்துப் பதில் சொல்வாள். வேலை இல்லாதவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைகூட அந்த ஊரில் தங்கவில்லை. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

அங்கே பகல் என்றால் இங்கே இரவு. எவ்வளவு பக்கமானாலும் இரவு வேலைப் பெண்களை வண்டியில்தான் கொண்டுவந்து விட வேண்டுமாம்; விடிந்த பிறகு ஆபீஸ் வண்டி அவளைச் சந்து முனையில் இறக்கிவிடும். மாணிக்கம் அங்கே நின்றிருப்பான். பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிடுகிற ஓட்டல் ஒன்று. முதல் நாள் நானும் கூடப் போனேன்.

"ஒன் பை டூ" என்றான் மாணிக்கம். ஒரு காபியை இரண்டு சின்ன டம்ளரில் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்று அவனுக்கு, ஒன்று மகளுக்கு. எனக்குத் திக்கென்றது. அரசாங்கப் பென்ஷன் வாங்குகிறவன் மகளுக்கு ஒரு முழுக் காபி வாங்கித் தரக் கூடாதா? பிறகு பார்த்தால் டை கட்டியவர்களும் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் வழக்கம். நம் பினாங்கில் தே தாரிக் என்கிற ஆற்றிய டீயை அப்படிக் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார்.

அன்று மத்தியானம் மாணிக்கம் கேழ்வரகுக் களி கிண்டி, கீரை மசியல் வைத்திருந்தான். களியை மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினான். நான் மென்றேன். தூங்கி எழுந்து வந்த ரேவதி தட்டை வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அந்த மாநிலத்தில் ஏற்கெனவே ஒரு விதி வந்திருக்கிறது. போன் பண்ணுகிறவர் கேட்டால், எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் நாட்டு ஆளிடம் கொடு என்றால் மாற்றிக் கொடுக்க வேண்டும். இப்போது பெரிய சட்டமே வருகிறதாம். அரசாங்க வேலை எதுவும் கடல் தாண்டக் கூடாது.

"சரியாத்தான் செய்றான்" என்றான் மாணிக்கம். "அவன் ஊரு வேலை அவன் ஊரு ஆளுக்கு. இதைத்தானே நாங்க ஃபாக்டரி கேட்ல நின்னு வருஷக்கணக்கா கத்தினோம்?"

"நீங்க கத்தினப்ப, வெளியூர்க்காரன் எல்லாம் வெளியே போன்னு உங்களைப் பார்த்தும் ஒரு கூட்டம் கத்திச்சே, அது?"

"நான் பொறந்தது இதே ஊரு அல்சூர்ல. என்னைவிட லோக்கல் எவன்டி?"

"அதையேதான்ப்பா அமெரிக்காக்காரனும் சொல்றான்."

"அதைத்தான் நானும் சரின்றேன்!"

"அப்ப என் வேலை?"

மாணிக்கம் களியை விழுங்கினான். "ராத்திரி முழிச்சிக் கண்ணெல்லாம் குழி விழுந்து போச்சு. போனா போவுது."

ரேவதி தட்டைப் பார்த்தபடி இருந்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இந்த வேலைக்கே அவன் சுலபமாகச் சம்மதிக்கவில்லை. ஃபேமிலி டே என்று ஒன்று வைத்துப் பெற்றோரையெல்லாம் ஆபீஸுக்கு அழைத்து, கேசரி கொடுத்து, பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்து, கொண்டுவந்து விடும் டிரைவரையும் காட்டிய பிறகுதான் சரி என்றானாம். இந்த வேலை போனால் அவள் இன்னொரு இரவு வேலைக்குப் போக அவன் விடப்போவதில்லை. சட்டம் அங்கே யாருக்கு என்ன செய்யுமோ, இங்கே இவளை வீட்டில் உட்கார வைத்துவிடும்.

விருந்தாளி வாயைத் திறக்க வேண்டிய இடம் இல்லை அது என்று நினைத்துக்கொண்டேன்.

கண் ஆபரேஷன் நான் பயந்ததில் பாதிகூட இல்லை. டாக்டர் என்னிடம் தமிழிலும் நர்ஸிடம் கன்னடத்திலும் பேசிக்கொண்டே முடித்துவிட்டார். தலையை ஆட்டக் கூடாது, குனியக் கூடாது, இருமவும் கூடாது என்றார்கள். ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தேன். ரேவதி தூக்கத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னாள்.

"ஒரு அம்மா அத்தை, குரலைக் கேட்டா உங்க வயசு இருக்கும். எந்த ஊர்லேர்ந்து பேசறேன்னாங்க. பெங்களூர்னு சொன்னேன். 'நானும் உன்னை மாதிரிதான் போன் எடுத்துட்டு இருந்தேன், ஒரு கடைக் கம்பெனிக்கு. அந்த போனும் இப்ப உன் ஊர்லதான் அடிக்குது. என்னை என் நாட்டு ஆளுகிட்ட மாத்திவிடு'ன்னாங்க."

"மாத்திட்டியா?"

"ரூல் ஆச்சே. மாத்தினேன். அடுத்த நாள் பார்த்தா அவங்களே திரும்ப என் லைன்ல விழறாங்க! 'நேத்துப் பேசினவதானே நீ? அங்க கொஞ்சம் பேருதான் இருக்காங்க போல. பாட்டுப் போட்டுட்டே இருந்தாங்க, அப்புறம் கட் ஆயிடுச்சு. விடு, நீயே பண்ணு'ன்னாங்க. பண்ணிக் குடுத்தேன். எல்லாம் முடிஞ்சதும், 'நல்லாப் பண்ணினே. ஆனா உன்கிட்ட மறைக்கக் கூடாது. இந்த வேலை எல்லாம் இங்கயே இருக்கணும்னு சட்டம் கேட்டுக் கையெழுத்து வாங்கறாங்க. நானும் போட்டிருக்கேன்'னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"தாராளமாப் போடுங்க மேடம், ஆனா உங்க பாரத்துல கடைசிப் பக்கத்துல கையெழுத்தே போடல, அதை முதல்ல போடுங்கன்னேன். சிரிச்சாங்க பாருங்க அத்தை, என் ஹெட்செட்டே அதிர்ந்துச்சு."

தலையை ஆட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் வாயை மட்டும் திறந்து சிரித்தேன்.

கட்டை அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ். பெங்களூர் பஸ்ஸில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். ஆகவே நானும் மாணிக்கமும் தனித்தனியாக ஏறினோம். "நான் எறங்கறதைப் பார்த்து எறங்கு" என்றான். பெயர்ப் பலகை எல்லாம் கன்னடத்தில். எனக்கு எழுத்தும் தெரியாது, கண்ணிலும் இன்னும் மப்பு. நரைத்த தலையும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் இறங்கினார். நானும் இறங்கிவிட்டேன். "பார்த்து எறங்கம்மா, கண்ணாடி போட்ட சினிமா ஸ்டாரு" என்று கண்டக்டர் கன்னடத்தில் சொன்னதைப் பக்கத்தில் இருந்த பெண் தமிழில் எனக்குச் சொல்லிச் சிரித்தாள். பஸ் போன பிறகுதான் அந்த நரைத்த தலை மாணிக்கம் இல்லை என்று தெரிந்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அவன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. "யாரு பின்னாடிக்கா போன நீ?" என்றான். அல்சூர் ஏரி பக்கத்தில்தான். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனான். வறுத்த கடலை வாங்கினான். அங்கேதான் நாங்கள் மனசு விட்டுப் பேசினோம்.

என் ஃபாக்டரி கதையை அவனிடம் சொன்னேன். நாங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸேறிப் போன பெண்கள். கம்பெனி அமெரிக்காவுடையது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை எலக்ட்ரானிக் சில்லில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து ஒட்ட வேண்டும். கற்றுக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பாஷை தெரியாததால் என் முழங்கையைப் பிடித்து மேசையில் அழுத்தி ஊன்ற வைத்தார். ஊன்றினால் கை நடுங்காது. அவர் ஊரில் அந்த உற்பத்தி லைனை மூடிவிட்டுத்தான் அவரை எங்களிடம் அனுப்பினார்கள் என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது. பிறகு எங்கள் லைனும் சீனாவுக்குப் போனது. கற்றுக்கொள்ள அங்கிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்கள் முழங்கையைப் பிடித்து நான் ஊன்ற வைத்தேன்.

"அப்ப நீயும் சட்டம் போட்டுத் தடுக்கணும்னுதானே நெனச்சிருப்ப?"

"அப்படித்தான் நெனச்சேன். பக்கத்து ஃபாக்டரியைப் போக விடாம, கவர்மென்ட்டுல சலுகை எல்லாம் குடுத்துப் பிடிச்சு வச்சாங்க. கட்டடம் அங்கயேதான் இருக்கு. ஒரு வரிசைப் பொண்ணுங்க உக்கார்ந்து செஞ்சதை இப்ப மிஷின் செய்யுது. ஒரு பொண்ணு நின்னு பார்த்துக்கிட்டா போதும்."

மாணிக்கம் கடலைத் தோலை ஊதினான்.

எனக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லை. வேலையை ஊரைவிட்டுப் போகாதே என்று சட்டம் போட்டு நிறுத்தலாம். அதைச் செய்ய ஆள் வை என்று முதலாளியைப் பிடித்து நிறுத்த முடியாது. பத்து பேர் வேலை திரும்பி வந்தால் பத்து பேருக்குச் சோறு வரும் என்று நாம் நினைக்கிறோம். வருகிற வழியிலேயே அது சுருங்கிவிடுகிறது. நான் இரண்டு கையும் தூக்கிச் சம்மதிக்கிற சட்டம் வேறு. மூடுகிறவன் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேலை போனவள் வேறு வேலை பழகும்வரை அவளுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்ய வேண்டும். அந்த அமெரிக்கப் பெண்மணிக்கும் எனக்கும் அப்படி ஒருவரும் செய்யவில்லை. கையெழுத்துப் போட்ட அம்மாள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தபோது என்னிடம் ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"இவ்ளோ பேசறியே, யூனியன்ல பேசியிருக்கலாமேக்கா" என்றான் மாணிக்கம்.

"நாலு பேருக்கு முன்னால எனக்கு வாய் வராது."

சட்டம் நான் அங்கே இருக்கும்போதே வந்துவிட்டது. ரேவதியின் ஆபீஸில் அந்தப் பிரிவுக்குக் கடைசி நாள் குறித்தார்கள். மற்றப் பிரிவுகளில் இடம் இல்லையாம். அந்த நாள் விடிந்து அவள் வண்டியிலிருந்து இறங்கியபோது காதோரம் கேக் கிரீம் ஒட்டியிருந்தது. டிஷ்யூ காகிதத்தில் எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்திருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்.

"ராத்திரி பாதியிலயே நம்பரை அங்க மாத்திட்டாங்க அத்தை. எங்களுக்குப் போனே வரல. சும்மா உக்கார்ந்திருந்தோம். நாம எடுத்துட்டிருந்த நம்பருக்கு நாமளே பண்ணிப் பார்ப்போமேன்னு எனக்கு ஒரு ஆசை. ஸ்பீக்கர்ல போட்டுப் பண்ணினேன். இதுக்கு ஒண்ணை அழுத்து, அதுக்கு ரெண்டை அழுத்துன்னு மிஷின் பேசிச்சு. ஆளு வேணும்னு அழுத்தினேன். பாட்டு போட்டான். நாங்க கேக் வெட்டினோம். மூஞ்சில பூசிக்கிட்டோம். எல்லாரும் நின்னு போட்டோ எடுத்தோம். டிராயரைக் காலி பண்ணினோம். ஆபீஸ் அட்டையைத் திருப்பிக் குடுத்தோம். கிளம்பறப்ப போனைப் பார்த்தா இன்னும் பாட்டு ஓடிட்டே இருக்கு."

"ஒருத்தரும் எடுக்கலையா?" என்றான் மாணிக்கம்.

"எடுக்கலப்பா. நான்தான் வெச்சேன்."

மாணிக்கம் எழுந்து சந்தில் போய் நின்றான். திரும்பி வந்தான். "அப்ப அந்த வேலை யாருக்குத்தான் போச்சு?" என்றான். யாரிடம் கேட்டானோ தெரியாது. கையெழுத்துப் போட்ட அந்த அம்மாள் பாட்டைக் கேட்டுக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாரே என்று என் மனசில் ஓடியது. கேக் துண்டை டிஷ்யூவில் மறுபடி மடித்து வைத்தேன்.

ரேவதி மெதுவாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டடத்தில் இங்கிலாந்து ரயில் நேரம் சொல்லும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் ஏற்கெனவே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

"வேணாம்" என்றான் மாணிக்கம். "அமெரிக்காக்காரன் புடுங்கினான். நாளைக்கு இங்கிலாந்துக்காரனும் புடுங்குவான். எத்தினி தடவைம்மா கேக் வெட்டுவ? கொஞ்ச நாள் வீட்ல இரு. தூங்கு. அப்புறம் பார்க்கலாம்."

அதட்டலாகச் சொன்னால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவன் பிரியமாகச் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ.

"தம்பி, என் லைன் மூடின அன்னைக்கு என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு. இவ்வளவு பாசமாத்தான் சொன்னாரு. கொஞ்ச நாள் வீட்ல இருன்னாரு. அப்ப ரெண்டு ஃபாக்டரியில ஆள் எடுத்தாங்க. என் கை பழகின கை. நான் போகல. அப்புறம் போகணும்னு தோணினப்ப சின்னப் பிள்ளைகளைத்தான் எடுத்தாங்க. சட்டம் வேலையைப் பறிக்கும், சரி. வீட்ல உக்கார வைக்கிறது சட்டம் இல்லப்பா. நாமதான்."

குரல் நடுங்கியது. நடுக்கத்தை நிறுத்த முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டேன். அன்று முழுக்க மாணிக்கம் என்னோடு பேசவில்லை. நான் அதிகப்பிரசங்கி ஆகிவிட்டேனே என்று பெட்டியை அடுக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டை வைக்கும்போது சாதாரணமாகக் கேட்டான். "அந்த ஆபீஸ்ல ஃபேமிலி டே எப்போ?"

"இன்னும் சேரவே இல்லப்பா."

"சேர்ந்ததும் கேளு. வண்டி ஓட்றவன் பேரு என்னான்னும் கேளு."

திங்கட்கிழமை மாலை மூன்று பேரும் சந்து முனைக்கு நடந்தோம். இங்கிலாந்துக்கு நேரம் வேறு, ஆகவே வண்டி மாலையிலேயே வரும். என் புதுக் கண்ணில் எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. எருமையின் முதுகில் ரோமம்கூடத் தெரிந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலும் ஒருத்தி வேலை போய் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டலில் மாணிக்கம் கையை உயர்த்தினான். "ஒரு ஒன் பை டூ. ஒரு ஃபுல்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், புதுசா இருக்கு. யாருக்கு ஃபுல்?"

"ஒன் பை டூ எனக்கும் எங்க அக்காவுக்கும்" என்றான் மாணிக்கம். "ஃபுல்லை அவகிட்ட குடு. டூட்டிக்குப் போறா."